நாகேஷுக்காக எழுதிய வேடம்

நான் ஒரு நடிகரைக் கெடுத்தேன். அவர் ஊரறிந்தவர் அல்ல. திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் நாடகக் குழுவில் வேலை நேரம் போக நடித்தவர். அவருடைய நடிப்பை முதலில் அவமானப்படுத்தினேன். பிறகு என் தோல்வியின் பழியை அவர் மேல் போட்டேன். சில வருடங்கள் கழித்து அவர் செய்ததைத் திருடி என் பெயரில் அச்சிட்டேன். கடைசியாக, அவருடைய மகள் நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொன்னேன்.

இந்த நான்கையும் நாகேஷ் மேல் வைத்த அன்பின் பெயரால் செய்தேன். அந்த அன்பு பொய்யில்லை. அது என் குற்றத்தைக் குறைக்கவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எதையும் விடாமல் சொல்கிறேன். முழுதும் கேட்ட பிறகு நீங்கள் முடிவுக்கு வாருங்கள்.

1965இல் 'திருவிளையாடல்' வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கோயில் திருவிழா, கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அதில் நாகேஷ் நடித்த தருமியின் குரல் கேட்கும். எனக்கு அந்தக் காட்சி முழுதும் மனப்பாடம். வசனம் மட்டுமில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் குரல் உடையும், எல்லாம் மனப்பாடம். அம்மை வடு விழுந்த முகம், ஒட்டிய கன்னம், எலும்பும் தோலுமான உடம்பு. சினிமா கதாநாயகனுக்கு வேண்டியது எதுவும் அவரிடம் இல்லை. அதனாலேயே அவர் எங்களில் ஒருவர் என்று தோன்றியது.

'நீர்க்குமிழி'யில் புற்றுநோய் வந்தவராக ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். 1968இல் 'எதிர்நீச்சல்' வந்தது, 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கிடந்து எல்லோருக்கும் ஏவல் செய்யும் மாது. இன்னொன்றில் சவடால் வைத்தி. ஒரே வருடத்தில், அதே முகம். மாதுவுக்காக அழுதோம். வைத்தியைப் பார்த்துக் கூசினோம். இப்படி ஒரு நடிகரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அவருக்கு இன்னும் என்னென்ன வேடம் கொடுக்கலாம் என்று யோசிப்பது எனக்குப் பழக்கமாயிற்று. ஒரு நீள நோட்டு போட்டு எழுதினேன். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கந்தசாமிப் பிள்ளையாக நாகேஷ். கடவுளைக் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போய்ச் 'சித்த வைத்திய தீபிகை'க்குச் சந்தா கேட்கும் அந்த மனிதரை வேறு யார் செய்ய முடியும்? ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாகச் சிவாஜி. புயலில் அவர் கூடவே நனையும் விதூஷகனாக நாகேஷ். ஜெயகாந்தன் தன் 'யாருக்காக அழுதான்?' கதையை 1966இல் தானே படமாக எடுத்து, நாகேஷை ஜோசப்பாக நடிக்க வைத்திருந்தார். அது எனக்கு ஊக்கம் தந்தது. இலக்கியத்தில் வரும் எல்லா எளிய மனிதர்களையும் அவருக்கென்று எடுத்து வைத்தேன்.

இதுவரை தப்பில்லை. ரசிகர் எல்லோரும் செய்வதுதான். என் தப்பு அடுத்த படியில் தொடங்கியது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு, நாகேஷை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்ப ஆரம்பித்தேன்.

அப்போது நான் பொன்மலையில் குமாஸ்தா. கே. பாலசந்தர் ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். நாகேஷ் சினிமாவுக்கு வருமுன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 'சர்வர் சுந்தரம்' முதலில் பாலசந்தர் மேடைக்கு எழுதிய நாடகம். 1964இல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. ஆபீஸ் குமாஸ்தா எழுதுகிறார், முன்னாள் ரயில்வே குமாஸ்தா நடிக்கிறார், ஊரே பார்க்கிறது. இந்தக் கதையை என் கதையின் முதல் பாகமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த பாகத்தை நான் எழுதப்போகிறேன் என்று நினைத்தேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் நாகேஷுக்கு முன்போலப் படங்கள் இல்லை. வேறு நகைச்சுவை நடிகர்கள் முன்னுக்கு வந்திருந்தார்கள். அது எனக்கு வருத்தம் தந்தது என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மையைச் சொல்கிறேன். அது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷத்தையும் தந்தது. அவர் உச்சியில் இருந்தால் நான் அவருக்குத் தேவையில்லை. அவர் இறங்கியிருந்தால், தூக்கிவிடுகிறவனாக நான் இருக்கலாம். நான் உயிராக நேசித்த கலைஞரின் கஷ்டகாலத்தில் எனக்கொரு வாய்ப்பைப் பார்த்தேன்.

அப்படி எழுதியதுதான் அந்த நாடகம். ரேஷன் கடையில் எடை போடுகிறவரின் கதை. கடைக்காரர் சொல்படி தினமும் எடையைக் குறைக்கிறார். சாமான் வைத்த தட்டின் விளிம்பைச் சுண்டுவிரலால் யாருக்கும் தெரியாமல் அமுக்குவார். தட்டு இறங்கும். வாங்குகிறவர் சரியென்று பையைப் பிடிப்பார். கடைசிக் காட்சியில் அவர் வீட்டிலேயே அரிசி போதவில்லை. அதே கடையில், அவருடைய கையால் எடை போட்டு, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிக் கொடுத்த அரிசி. வயதான தாய் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் இரண்டு பக்கத்துக்கு வசனம் எழுதினேன். சிரிப்பும் அழுகையுமாக. நாகேஷின் வேகத்தில். எங்கே தடுமாற வேண்டும், எங்கே வேட்டி தடுக்கி விழ வேண்டும், எங்கே குரல் கீச்சிட வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்.

அதை நாகேஷுக்கு அனுப்ப வேண்டும் என்பதே திட்டம். நான் அனுப்பவில்லை. நல்லாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அனுப்பாமல் இருக்கும்வரை அது அவர் நடிக்கப்போகும் நாடகம். அனுப்பிவிட்டால் அவர் வேண்டாமென்ற நாடகம் ஆகிவிடலாம். பயத்தை மறைத்துக்கொண்டு குழுவிடம் வேறு சொன்னேன். "முதல்ல நாம போட்டுப் பார்ப்போம். நல்லா வந்தா மெட்ராஸுக்கு ஆள் மூலமா சொல்லி அனுப்பலாம்." அப்படி ஓர் ஆள் எனக்கு இல்லை. அவர்கள் நம்பினார்கள்.

எடை போடுகிறவர் வேடத்தை அந்த ஃபிட்டருக்குக் கொடுத்தேன். அவர் நல்ல நடிகர் என்பதால் கொடுக்கவில்லை. ஒல்லியாக இருந்தார் என்பதால் கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் உடல்வாகு நாகேஷைப்போல இருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் என்னைவிட மூத்தவர். என்னை "சார்" என்பார். நான் அவரை "வா, போ" என்பேன். நான் மேஜை வேலை, அவர் பட்டறை வேலை. இதையெல்லாம் அப்போது யோசித்ததே இல்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

வேலை விட்டுச் சங்கு ஊதிய பிறகு, ஒரு பள்ளிக்கூட அறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகை பார்ப்போம். அவர் கிரீஸ் போகக் கையைக் கழுவிக்கொண்டு வருவார். வசனத்தை மெதுவாகத்தான் பாடம் பண்ணுவார். ஆனால் பாத்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார். "இவன் ராத்திரி தூங்குவானா சார்?" என்று ஒருநாள் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. நான் எழுதியது ஒரு மனிதனை அல்ல. நாகேஷ் செய்யக்கூடிய சேஷ்டைகளை. அவன் தூங்குவானா என்று நான் யோசித்ததே இல்லை.

நான் உங்கள் முன் வைக்க வேண்டிய முதல் குற்றம் கடைசிக் காட்சியின் ஒத்திகையில் நடந்தது.

அன்று அவர் வசனம் பேசவில்லை. தட்டை இடது கையில் ஏந்தினார். வலது கையால் தாய்க்குச் சோறு எடுத்து வைத்தார். வைத்த கை திரும்பும்போது, அதன் சுண்டுவிரல் தட்டின் விளிம்பை மெல்ல அமுக்கியது. கடையில் அமுக்குவதைப்போலவே. அவர் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. விரல் தானாகப் போனது போல இருந்தது. தட்டு ஓர் அங்குலம் இறங்கியது. அவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு தாயின் முகத்தைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார். அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் தன் பங்குச் சோற்றையும் தாயின் இலையில் தள்ளினார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

அறையில் யாரும் அசையவில்லை. ஆர்மோனியக்காரர் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாயாக நடிக்கக் காசு கொடுத்து அழைத்து வந்திருந்த அம்மா, தன் வசனத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய சின்ன மகள், தூக்குவாளியோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

இங்கே நான் உங்களிடம் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. 'எனக்கு அப்போது புரியவில்லை' என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். பல வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்குப் புரிந்தது. பார்த்த அந்த நிமிஷத்திலேயே புரிந்தது. நான் எழுதிய இரண்டு பக்கத்தைவிட இது பெரியது என்று தெரிந்தது. எனக்குள் இருந்த நாகேஷ் இதைச் செய்திருக்க மாட்டார் என்றும் தெரிந்தது. ஏனென்றால் எனக்குள் இருந்த நாகேஷ் என் வசனத்தைப் பேசுகிறவர். எனக்குப் பயம் வந்தது. இந்த மனிதர் இப்படியே மேடையில் செய்தால், நாளை எல்லோரும் இவரைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

"என்னய்யா இது? வசனம் எங்கே?" என்றேன்.

"அந்த நேரத்துல அவனுக்குப் பேச்சு வராது சார்."

"வராதுன்னு சொல்ல நீ யாரு? நாகேஷ் இப்படியா பண்ணுவார்?"

"அவர் எப்படிப் பண்ணுவார்னு எனக்குத் தெரியாது சார். எனக்கு இப்படித்தான் வருது."

"தெரியாதில்ல? அப்போ நான் சொல்றதைச் செய். பட்டறையில ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு நடிப்பைப் பத்தி என்ன தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். அவர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் அவருடைய மகளைப் பார்த்தேன். அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரிந்துதான் பேசினேன். அதன்பிறகு ராத்திரி வெகுநேரம்வரை அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். கழுத்தை இப்படி வெட்டு. தோளை இப்படித் தூக்கு. குரலை ஏற்று. இங்கே விழு. அவர் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். குரல் கட்டிப்போகும்வரை விடவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தருமி காட்சியில் நாகேஷ் தனக்குத்தானே புலம்பும் இடத்தில், பேசியதில் பலவும் அவர் அந்த நேரத்தில் தானாகச் சேர்த்தவை என்று திரையுலகில் சொல்லப்படும். சிவாஜியே அந்தப் பகுதியை வெட்டாமல் வைக்கச் சொன்னார் என்பார்கள். இந்தக் கதையைக் குழுவில் நூறு முறை சொன்னவன் நான். எழுதிக் கொடுத்ததோடு நிற்காதவர்தான் நாகேஷ் என்று மெச்சிப் பேசியவன் நான். என் கண் முன்னால் ஒரு மனிதர் அதையே செய்தபோது, அவர் வாயை அடைத்தேன்.

1978இல் நாடகம் அரங்கேறியது. திறந்தவெளி மேடை. குடியிருப்பே திரண்டு வந்து மணலில் உட்கார்ந்திருந்தது. அவர் நான் சொன்னபடியே செய்தார். கடைசிக் காட்சி வந்தது. கழுத்தை வெட்டினார். குரலை ஏற்றினார். முன்வரிசைப் பையன்கள், "டேய், நாகேஷ்டா!" என்று கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. அவர் விழுந்தார். இன்னும் பலமாகச் சிரித்தது. ஒரு தாய் பசியோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஆயிரம் பேர் சிரித்தார்கள். தாயாக நடித்த அம்மா திகைத்து வசனத்தை விட்டார். நான் பக்கவாட்டுப் படுதாவுக்குப் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுத்தேன். என் குரல் மைக்கில் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள். காட்சி முடியும் முன்னரே திரையை இறக்கினோம்.

கூட்டத்தின் மேல் தப்பில்லை. அவர்கள் மேடையில் ஒரு நகலைப் பார்த்தார்கள். நகலைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அந்த நகலைச் செய்தவன் நான்.

ஒப்பனை அறையில் குழுத் தலைவர் என்னிடம், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். அந்த ஃபிட்டர் அடுத்த நாற்காலியில் தேங்காய் எண்ணெய் தடவி முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்கும் தூரம்தான்.

"எழுத்துல குறையில்லைங்க. வேஷம் அவனுக்குப் பெரிசு. தாங்கலை" என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு துடைத்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. அவருடைய மரியாதையை என் கவசமாக்கிக்கொண்டேன். அந்த அம்மாவுக்குப் பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். வசனத்தை விட்டார் என்று காரணம் சொன்னேன்.

அந்த ஃபிட்டர் அதோடு நடிப்பதை நிறுத்திவிட்டார். பட்டறையில் அவரை 'டூப்பு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டூப்பு நாகேஷ் என்பதன் சுருக்கம். ஓய்வுபெறும்வரை அந்தப் பெயர் போகவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் 'டூப்பு மக' என்றார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதே பட்டறையின் ஆபீஸில்தான் இருந்தேன். அவர் சம்பள விஷயமாக வந்தால், ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டேன்.

எண்பதுகளில் அந்த நாடகத்தைப் புத்தகமாக்கினேன். இது மூன்றாவது குற்றம். அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசிக் காட்சியை எடுத்துப் படித்தேன். அந்த இரண்டு பக்க வசனம் எனக்கே சகிக்கவில்லை. முழுதும் அடித்தேன். அந்த இடத்தில் மேடைக் குறிப்பாக நான்கு வரி எழுதினேன். தட்டு, சுண்டுவிரல், தொடைக்குக் கீழே வைத்து அழுத்திய கை. அவர் செய்தது செய்தபடி. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்னுரையில், 'நாகேஷை மனத்தில் வைத்து எழுதிய நாடகம் இது' என்று போட்டேன்.

படித்தவர்கள் அந்த நான்கு வரியைத்தான் சொன்னார்கள். ஒரு கல்லூரியில் மாணவர்கள் அதை நடித்தார்கள். சுண்டுவிரல் அமுக்கிய இடத்தில் அரங்கம் உறைந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து பாராட்டை ஏற்றுக்கொண்டேன். ஒரே ஒரு முறைகூட அவர் பெயரைச் சொல்லவில்லை.

இதற்கிடையில் நாகேஷ் மறுபடி எழுந்தார். எழுப்பியது நானில்லை. 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது. அதில் கொலைகார வில்லன் தர்மராஜ் அவர்தான். 1990இல் 'மைக்கேல் மதன காமராஜ'னில் அவினாசி. 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தார். பேச்சில்லை, பார்வையில்லை. அவருடைய எந்தெந்தச் சேஷ்டையை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேனோ அது ஒன்றுமே இல்லை. இருந்தும் தியேட்டரே அவரைத்தான் பார்த்தது. அதே வருடம் 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்த பேராசிரியர். அதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

'நம்மவர்' பார்த்துவிட்டு வந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். அதில் ஒரு வில்லன் இல்லை. ஒரு பிணம் இல்லை. அந்தப் பேராசிரியரின் துக்கத்தைப்போல ஒன்றும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஏழை, ஏமாளி, அழவைக்கும் கோமாளி. எல்லாம் அவர் ஏற்கெனவே செய்து முடித்தவை. அவருக்காக நான் கண்ட கனவில் அவர் வளரவே இல்லை. பள்ளிப் பையனாக நான் பார்த்த நாகேஷை அப்படியே பூட்டி வைத்திருந்தேன். பாலசந்தர் நாகேஷுக்காக எழுதினார் என்றால், கூடவே ஒத்திகை பார்த்த, கூடவே வளர்ந்த ஒரு மனிதருக்காக எழுதினார். நான் மனத்தில் ஒரு நாகேஷை வைத்துக்கொண்டு, எதிரே நின்ற மனிதரை அந்த அச்சுக்குள் திணித்தேன்.

இதை 1994லேயே உணர்ந்துவிட்டேன். அப்போதே அந்த ஃபிட்டரின் வீட்டுக்குப் போயிருக்கலாம். சைக்கிளில் போகிற தூரம். போகவில்லை. போனால் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் என்று ஊரில் கிடைத்திருந்த கொஞ்சம் பெயரை விட மனமில்லை.

2009 ஜனவரி 31 அன்று நாகேஷ் காலமானார். திருச்சியில் ஓர் அஞ்சலிக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்தார்கள். நான் அந்த நாடகத்தைப் பற்றிப் பேசினேன். சுண்டுவிரல் காட்சியை விவரித்தேன். "நாகேஷ் இருந்திருந்தால் இதை இப்படித்தான் செய்திருப்பார்" என்றேன். குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார்.

"சார், அது எங்க அப்பா செஞ்சது. ஒத்திகையில. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

யாரென்று உடனே தெரிந்துவிட்டது. முகம் அப்படியே அப்பாவின் முகம். சுற்றிலும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"அப்படியாம்மா? எனக்கு ஞாபகம் இல்லையே. ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு முறை அவர் முன்னால் அவருடைய அப்பாவைச் சிறுமைப்படுத்தினேன். வளர்ந்த பிறகு, அவர் கண்ணால் கண்டதையே இல்லை என்றேன். நான் செய்த நான்கில் இதுதான் கேடானது என்று நினைக்கிறேன். முதல் மூன்றுக்கும் இளமை, திமிர், பெயராசை என்று ஏதாவது காரணம் காட்டலாம். இதற்கு ஒன்றுமில்லை. அன்று எனக்கு வயதாகியிருந்தது. உண்மையும் தெரிந்திருந்தது. ஒரு "ஆமாம்" போதும். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகும் வருடங்கள் போயின. போன மாதம் அந்த ஃபிட்டரின் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். மகள்தான் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகையில் எனக்குப் புரிந்தது, புரிந்தும் தடுத்தது, தலைவரிடம் சொன்னது, புத்தகத்தில் போட்டது, கூட்டத்தில் மறுத்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அந்த அம்மாவுக்கு மீதிப் பணம் கொடுத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

கொடுக்கவில்லை. அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகிவிட்டது என்று அவர்தான் சொன்னார்.

பிறகு சொன்னார்: "நடிப்புப் போனதுகூடப் பரவாயில்லை சார். எனக்கும் நாகேஷ்னா உசிரு. உங்களுக்குத் தெரியாது. 'எதிர்நீச்ச'லை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அன்னையிலேர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அந்த மேடைதான். டி.வி.யில அவர் வந்தா எழுந்து வெளியில போயிடுவேன். வீட்டுல இவங்க சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் திண்ணையில உட்கார்ந்திருப்பேன்."

எனக்கு இது தெரியாது. நாகேஷை நேசித்தது நான் ஒருவன்தான் என்பது போலவே வாழ்ந்திருக்கிறேன். அவருக்கும் ஒரு நாகேஷ் இருந்தார். பட்டறையில் உழைத்துக் களைத்து, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து அவர் பார்த்துச் சிரித்த நாகேஷ். அதையும் நான் எடுத்துக்கொண்டேன். 'நம்மவ'ரை அவர் பார்க்கவில்லை. 'மகளிர் மட்டும்' பார்க்கவில்லை. ஒரு மாபெரும் நடிகரின் பின்பாதி வாழ்க்கை முழுவதும் அவருக்கு இல்லாமல் போனது. இதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்த வாக்குமூலத்தை எழுத அவரிடமும் மகளிடமும் சம்மதம் கேட்டேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னார். பெயர் போட்டால் அந்தப் பட்டப்பெயரும் கூடவே வரும் என்றார். அதனால் போடவில்லை. மகள் ஒன்று கேட்டார். இனி அந்த நாடகத்தை யார் எங்கே போட்டாலும், கடைசிக் காட்சி நான் எழுதியதல்ல, பொன்மலைப் பட்டறையைச் சேர்ந்த ஒரு நடிகர் செய்தது என்று அறிவிக்க வேண்டும். புத்தகம் மறுபடி அச்சானால் அதில் அப்படியே இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். அந்த வாக்கை இங்கே எல்லோர் முன்னிலையிலும் பதிவு செய்கிறேன். நான் தவறினால் நீங்கள் கேட்கலாம்.

அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. வாசல்வரை மகள்தான் வந்தார். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். இனி தீர்ப்பு உங்களுடையது.